செயின்ட் அகஸ்டின்: ஒரு பகல் போதுமா, இரண்டு இரவு தங்கலாமா?

நெய்தல்வாசி
அனைவருக்கும் வணக்கம். மார்ச் கடைசி வாரத்தில் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு ஃபுளோரிடாவின் ஓர்லாண்டோ போகிறோம். பிள்ளைகளின் பிடிவாதத்தால் கேளிக்கைப் பூங்காக்களிலேயே மூன்று நாள் கரைந்துவிடும். அதன்பின் அதே மாநிலத்தின் பழைய ஊரான செயின்ட் அகஸ்டினில் இரண்டு இரவு தங்கலாம் என்பது என் ஆசை. காலையில் போய்க் கோட்டையைப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம் என்கிறார் கணவர். வீட்டில் பேச்சு முற்றிவிட்டது, அதனால் பஞ்சாயத்தை இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

அப்பா பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய சுவர் எதைக் கண்டாலும் தட்டிப் பார்க்காமல் நகரமாட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி, சைவம். பெரியவனுக்கு 9 வயது, சின்னவளுக்கு 5. அங்கே என்ன பார்க்கலாம், எதை விடலாம்?

கணக்குப்பிள்ளை
என் ஓட்டு உங்கள் கணவருக்கு. பதினைந்தாயிரம் பேர் போல இருக்கும் சின்ன ஊர் அது. ஒரு கோட்டை, ஒரு நீண்ட கடைத்தெரு, ஒரு கலங்கரை விளக்கம், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் டிக்கெட் விற்கும் வித்தை. ‘மிகப் பழைய’ என்ற அடைமொழி ஒட்டாத பலகையை அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும்: மிகப் பழைய வீடு, மிகப் பழைய மரப் பள்ளிக்கூடம், மிகப் பழைய கடை. 1891-ல் கட்டிய சிறைக்குக்கூடப் ‘பழைய சிறை’ என்று பெயர் வைத்துக் காசு வாங்குகிறார்கள். எங்கள் ஊர்த் தபால் நிலையம் அதைவிடப் பழையது, அதற்குள் போக யாரும் டிக்கெட் கேட்டதில்லை.

பெரியவர்கள் நான்கு பேர், குழந்தைகள் இரண்டு பேர். ஒவ்வொரு வாசலிலும் ஆளுக்கு 15, 20 டாலர் என்று கூட்டிப் பாருங்கள்.

கல்வெட்டுக் கிறுக்கன்
கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன சிறைச்சாலையை நானும் விட்டுவிடச் சொல்வேன். ஆனால் கோட்டையைப் போகிறபோக்கில் ‘ஒரு கோட்டை’ என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அதுவும் பொதுப்பணித் துறைக்காரர் வருகிறார் என்றால்!

முதலில் ஊரின் வயது. ஸ்பெயின் தளபதி பெத்ரோ மெனெண்டஸ் 1565 செப்டம்பர் 8 அன்று இங்கே கரையிறங்கிக் குடியேற்றத்தை நிறுவினார். ஆங்கிலேயர்கள் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுனைத் தொடங்கியது 1607-ல். பள்ளிப் பாடங்களில் அமெரிக்காவின் தொடக்கமாக வரும் பிளிமத் 1620-ல்தான். அமெரிக்கப் பெருநிலத்தில் ஐரோப்பியர் அமைத்து, இன்றுவரை விடாமல் ஆள் குடியிருக்கும் ஊர்களில் இதுவே மூத்தது.

அதன் மரக்கோட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்ததால் 1672-ல் கல்கோட்டை எழுப்பத் தொடங்கினார்கள். 1695-ல் முடிந்தது. அதுதான் காஸ்டியோ டி சான் மார்கோஸ். கல் எங்கிருந்து வந்தது? ஃபுளோரிடாவில் அந்தப் பக்கம் கருங்கல் கிடையாது. எதிரே இருக்கும் அனஸ்தேசியா தீவில், சின்னச் சின்னக் கிளிஞ்சல்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒட்டி இறுகிய ஒரு பாறை கிடைத்தது. கொக்கினா என்று பெயர். வெட்டும்போது ஈரமாகவும் மென்மையாகவும் இருக்கும். வெயிலில் நெடுநாள் காயப்போட்டால்தான் கட்டுவதற்கு ஆகும். சிப்பிகளைச் சுட்டெடுத்த சுண்ணாம்புதான் சாந்து.

இந்தக் கல் பீரங்கியைத் தாங்குமா என்று கட்டியவர்களுக்கே தெரியாது. 1702-ல் கரோலினாவிலிருந்து ஆங்கிலப் படை வந்து ஊரைக் கொளுத்தியபோது, ஏறக்குறைய 1,500 பேர் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்து ஐம்பது நாள் போலத் தாக்குப்பிடித்தார்கள். 1740-ல் ஜார்ஜியா ஆங்கிலக் குடியேற்றத்தின் தலைவர் ஓகல்தார்ப் வந்து 27 நாள் குண்டு பொழிந்தார். கருங்கல்லாக இருந்திருந்தால் விரிசல் கண்டு சிதறியிருக்கும். கொக்கினா நுண்துளைகள் நிறைந்தது. அழுந்திக் கொடுத்துக் குண்டை உள்ளே வாங்கிக்கொண்டது. கோட்டை ஒருமுறைகூடப் போரில் வீழ்ந்ததில்லை. 1763-ல் பிரிட்டனுக்கும், 1784-ல் மீண்டும் ஸ்பெயினுக்கும், 1821-ல் அமெரிக்காவுக்கும் கைமாறியது எல்லாம் ஒப்பந்தத் தாளில்தான்.

உங்கள் அப்பா தட்டிப் பார்க்க ஆசைப்படுவார், தட்டவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். உதிரும் கல் என்பதால் சுவரில் ஏறவோ சாயவோ விடமாட்டார்கள்.

டாம்பா மாமி
கிறுக்கன் தம்பி இப்படியே விட்டால் 1821 தாண்டி நம்மை 1900 வரை நடத்திக் கூட்டிப்போவார். முழங்கால்காரிக்காகக் கேட்டதற்கு இன்னொரு முழங்கால்காரி பதில் சொல்கிறேன்.

கோட்டையின் கீழ்த்தளம், நடுமுற்றம், அறைகள் எல்லாவற்றுக்கும் அம்மா சிரமமில்லாமல் போகலாம். பீரங்கிகள் நிற்கும் மேல்தளத்துக்குப் படி மட்டுமே, லிஃப்ட் இல்லை. அம்மா முற்றத்தில் நிழல் பார்த்து உட்காரட்டும். பெரியவர்களுக்கு 15 டாலர், 15 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். அதே டிக்கெட் ஏழு நாளுக்குச் செல்லும் என்பதைக் கணக்குப்பிள்ளை சொல்லாமல் விட்டுவிட்டார். வெயில் ஏறியதும் வெளியே வந்துவிட்டு மறுநாள் காலையில் திரும்பப் போகலாம். வார இறுதியில் போனால் ஸ்பானியச் சிப்பாய் உடையில் பீரங்கி வெடித்துக் காட்டுவார்கள். சின்னவளின் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

காரை வருகையாளர் மையத்துக்குப் பக்கத்திலுள்ள பலமாடி நிறுத்தத்தில் விட்டுவிட்டு மறந்துவிடுங்கள். பழைய நகரத்தின் சந்துகளில் இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றி, கடைசியில் அங்கேயே வந்து நிறுத்தியவள் நான். செயின்ட் ஜார்ஜ் தெருவில் வண்டி வராது என்பதால் பிள்ளைகளைப் பயமில்லாமல் விடலாம். ஏறி இறங்கிக்கொள்ளும் டிராலி வண்டியும் இருக்கிறது. முழங்காலுக்காக அந்தக் காசைக் கொடுக்கலாம்.

சாப்பாடு: கடல் உணவு ஊர் அது. மினோர்கா (ஸ்பெயினின் ஒரு தீவு) சூப் என்று சிவப்பாக, தக்காளி வாசனையோடு ஒன்று வரும். பார்த்தால் நம் ரசத்துக்கு ஒன்றுவிட்ட உறவு போல இருக்கும். உள்ளே இருப்பது சிப்பி இறைச்சி, சில இடங்களில் பன்றியும் உண்டு. அம்மாவைத் தொடவிடாதீர்கள். ஸ்பானிய, கியூப உணவகங்களில் சோறும் கறுப்புப் பீன்ஸும் கிடைக்கும், ஆனால் அதிலும் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். நான் எப்போதும் போல எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போனேன்.

கொக்குநோக்கி
மார்ச் கடைசி என்றால் ஒரே ஒரு இடம்தான் சொல்வேன். முதலைப் பண்ணை. 1893 முதல் இருக்கிறது. பெயரைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். இன்று அது முறையான விலங்குக் காட்சியகம், முதலை இனங்கள் அத்தனையையும் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சதுப்பு முதலையையும், மீன் தின்னும் நீள்மூக்கு கரியாலையும் அங்கே பார்க்கலாம்.

ஆனால் நான் போவது முதலைக்காக அல்ல. பண்ணையின் பின்பக்கம் ஒரு சதுப்புக் குளம், அதைச் சுற்றி மரங்கள், நடுவே மரப்பலகை நடைபாதை. வசந்தத்தில் பெரிய வெள்ளைக்கொக்கும் சின்னக் கொக்கும் நாரையும் ரோஜா நிறக் கரண்டிவாயனும் அந்த மரங்களில் கூடு கட்டுகின்றன. யாரும் பிடித்து வந்து அடைத்தவை அல்ல, காட்டுப் பறவைகள். கீழே தண்ணீரில் அலிகேட்டர்கள் கிடப்பதால்தான் இந்த மரங்களைத் தேடி வருகின்றன. முட்டை திருட மரமேறும் ரக்கூன் அந்தத் தண்ணீரை நீந்திக் கடக்கத் துணியாது. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சு காவல்காரனுக்குக் கூலி.

வேடந்தாங்கலில் தொலைநோக்கி வைத்துப் பார்ப்பதை இங்கே கைநீட்டும் தூரத்தில் பார்க்கலாம். அங்கிருக்கும் மர நாரை நம் சங்குவளை நாரையின் ஒன்றுவிட்ட தம்பி, இரண்டும் ஒரே பேரினம். மார்ச் கடைசியில் கொக்குகள் முட்டையோடும் கல்யாணச் சிறகோடும் இருக்கும். கரண்டிவாயன் கொஞ்சம் பின்னால்தான் மும்முரமாகும். பாதை முழுவதும் சமதளம், மாமி சொன்ன முழங்காலுக்கும் நல்லது.

நெய்தல்வாசி
இத்தனை விவரமா! எல்லாருக்கும் நன்றி. கணவரிடம் படித்துக் காட்டினேன், ‘ஏழு நாள் டிக்கெட்’ என்ற இடத்தில் சற்று இளகினார். இரண்டு சந்தேகம். கலங்கரை விளக்கத்தில் சின்னவளை ஏற விடுவார்களா? ‘இளமை ஊற்று’ என்று ஓர் இடம் எல்லா விளம்பரத்திலும் வருகிறதே, அது எப்படி?

கணக்குப்பிள்ளை
இளமை ஊற்றா? நான் குடித்தேன். கந்தக வாடை அடிக்கும் தண்ணீர் ஒரு சின்னக் கோப்பையில். மறுநாள் காலையில் கண்ணாடியில் பார்த்தேன், டிக்கெட் காசு போன கவலையில் ஒரு நரை கூடியிருந்தது.

ஸ்பானியக் கடலோடி போன்ஸ் டி லியோன் 1513-ல் ஃபுளோரிடாவுக்கு வந்தது உண்மை. சரியாக எங்கே இறங்கினார் என்பது இன்றும் தீராத வழக்கு. இளமை தரும் ஊற்றைத் தேடி வந்தார் என்ற கதை அவர் செத்தபின் மற்றவர்கள் ஒட்டியது. இந்த இடத்தை ஊற்றாக்கிக் காசு பார்த்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை வாங்கிய ஓர் அம்மாள்.

கலங்கரை விளக்கம்: 219 படி. உயரம் 44 அங்குலம் இருந்தால்தான் பிள்ளைகளை விடுவார்கள், தூக்கிக்கொண்டு ஏறவும் முடியாது. வீட்டிலேயே அளந்துவிட்டுக் கிளம்புங்கள். 1874-ல் கட்டி முடித்த கோபுரம், கறுப்பு வெள்ளைச் சுருள் பட்டை, மேலே சிவப்புத் தலை. 165 அடி உயரம். இதற்கு மட்டும் கொடுத்த காசு எனக்கு வலிக்கவில்லை.

கல்வெட்டுக் கிறுக்கன்
ஊற்று விஷயத்தில் ஐயாவோடு பாதி உடன்படுகிறேன். கதை பொய். ஆனால் அந்த 15 ஏக்கர் மண் பொய்யில்லை! 1934-ல் அங்கே தோட்ட வேலையின்போது கிறிஸ்தவ முறைப்படி புதைக்கப்பட்ட திமுக்குவா பழங்குடியினரின் எலும்புகள் வெளிவந்தன. பின்னாளில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் கேத்லீன் டீகன் பல ஆண்டுகள் தோண்டி, மெனெண்டஸ் 1565-ல் அமைத்த முதல் குடியேற்றம் இங்கேதான் இருந்தது என்பதை நிலைநாட்டினார். செலோய் என்ற திமுக்குவா ஊருக்குள்தான் ஸ்பானியர் வந்து குடியேறினார்கள். பொய்யான ஊற்றைக் காட்டி விற்ற நிலத்துக்கு அடியில் உண்மையான தொடக்கம் கிடந்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு இது ஒன்றும் வேண்டாம். வளாகம் முழுக்க மயில் திரியும். அது போதும்.

ஜாக்சன்வில் குடியிருப்பு
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1565, 1672, 1740 எல்லாம் வந்துவிட்டது, 1964 மட்டும் யார் வாயிலும் வரவில்லை. நான் பக்கத்து ஊர்க்காரன், வருகிற விருந்தினரையெல்லாம் முதலில் அழைத்துப்போவது லிங்கன்வில்லுக்குத்தான். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் 1866-ல் அமைத்துக்கொண்ட குடியிருப்பு, நகர நடுவிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம். பழைய எக்செல்சியர் பள்ளிக் கட்டடத்தில் இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது.

1964 ஜூன் 11 அன்று, வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த ஒரு விடுதியின் உணவகத்துக்குள் நுழைய முயன்றதற்காக மார்ட்டின் லூதர் கிங் இந்த ஊரில் கைதானார். ஜூன் 18 அன்று அதே விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பினத்தவரும் வெள்ளையருமாகச் சேர்ந்து இறங்கினார்கள். விடுதி மேலாளர் அவர்கள் இருந்த தண்ணீரில் அமிலத்தைக் கொட்டினார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போயிற்று. மறுநாள், ஜூன் 19, நிறப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைகள் சட்டம் செனட்டில் நிறைவேறியது. 2003-ல் அந்த விடுதியை இடித்துவிட்டார்கள். கடற்கரைச் சாலையில் அந்த இடத்தில் வேறு ஹோட்டல் நிற்கிறது. கிங் கைதான படிக்கட்டை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். சிங்கப் பாலத்துக்குப் படம் எடுக்கப் போகிற கூட்டம் அதைத் தாண்டித்தான் போகிறது.

இதே ஊரில் இன்னொரு நீச்சல் குளமும் இருக்கிறது. ஸ்டாண்டர்டு ஆயில் எண்ணெய் நிறுவனத்தின் பங்குதாரர் ஹென்றி ஃபிளாக்லர் 1880களில் கட்டிய அல்கசார் ஹோட்டலின் உள்குளம். இப்போது அது லைட்னர் அருங்காட்சியகம். வற்றிய குளத்தின் அடித்தரையில் மேசை போட்டுக் காபி தருகிறார்கள். விளம்பரத் தாள்களில் இந்தக் குளம் வருகிறது, அந்தக் குளம் வருவதில்லை.

ஊருக்கு வடக்கே இரண்டு மைலில் ஃபோர்ட் மோசே. ஆங்கிலேயர் தோட்டங்களிலிருந்து அடிமைகள் தப்பி வந்து கத்தோலிக்க மதம் ஏற்றால் விடுதலை என்று ஸ்பெயின் மன்னர் 1693-ல் ஆணையிட்டார். அப்படி வந்தவர்களுக்காக 1738-ல் அமைந்த கோட்டை இது, இன்றைய அமெரிக்க எல்லைக்குள் சட்டப்படி அமைந்த முதல் சுதந்திரக் கறுப்பினக் குடியிருப்பு. பழைய கோட்டை எப்போதோ மறைந்துபோயிற்று, 2025-ல் அதன் மாதிரியை மறுபடி கட்டித் திறந்திருக்கிறார்கள். சதுப்பு நிலத்தை ஒட்டிப் பலகைப் பாதை, அமைதி. கூட்டமே இருக்காது.

கணக்குப்பிள்ளை
விடுமுறைக்கு வருகிற பிள்ளைகளிடம் அமிலக் கதையெல்லாம் எதற்கு?

ஜாக்சன்வில் குடியிருப்பு
பீரங்கிக் கதை சொல்லலாம், 50 நாள் பட்டினிக் கதை சொல்லலாம், இது மட்டும் ஆகாதா? 9 வயதுப் பையனுக்கு நன்றாகவே புரியும்.

டாம்பா மாமி
இரண்டு பேரும் தண்ணீர் குடியுங்கள். ஊற்றுத் தண்ணீராக வேண்டாம்.

ஜாக்சன்வில் தம்பி, உன்னிடம் தனியாக ஒரு நன்றி. ஆறு முறை போயிருக்கிறேன், அந்தப் படிக்கட்டை நான் பார்த்ததில்லை.

கல்வெட்டுக் கிறுக்கன்
நானும் குற்றவாளிதான். கோட்டையைப் பற்றியே இன்னொன்றை விட்டுவிட்டேன். அமெரிக்கர் கைக்கு வந்தபின் அது சிறையானது. 1837-ல் செமினோல் பழங்குடித் தலைவர் ஓசியோலாவைச் சமாதானக் கொடியின் கீழ் வந்தபோது பிடித்து அங்கே அடைத்தார்கள். 1875 முதல் மூன்றாண்டு மேற்குச் சமவெளிப் பழங்குடியினரைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவர்கள் கணக்குப் புத்தகத் தாள்களில் வரைந்த குதிரைகளும் வேட்டைகளுமான படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அறைகளுக்குள் போகும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

ஃபிளாக்லர் பேச்சு வந்ததால் அப்பாவுக்கு ஒரு குறிப்பு. லைட்னருக்கு எதிரே இருக்கும் ஃபிளாக்லர் கல்லூரிதான் 1888-ல் திறந்த போன்ஸ் டி லியோன் ஹோட்டல். செங்கல் அடுக்காமல் கொக்கினா கலந்த கான்கிரீட்டை வார்த்தே எழுப்பிய கட்டடம். அழகுக்கு என்று நாம் நினைக்கும் இரட்டைக் கோபுரங்களுக்குள் இருந்தவை தண்ணீர்த் தொட்டிகள். சாப்பாட்டுக் கூடத்தில் 79 டிஃபனி வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். மாணவர்கள் அதன் கீழ்தான் தினமும் சாப்பிடுகிறார்கள். வழிகாட்டியோடு போனால் உள்ளே பார்க்கலாம்.

புதுவரவு 88
நானும் இதே கேள்வியோடு வந்தேன். நாங்கள் டிசம்பரில் போக நினைக்கிறோம், விளக்கு அலங்காரம் நன்றாக இருக்குமாமே?

டாம்பா மாமி
நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை ஊரே பொன்விளக்கு. அழகுதான். வார இறுதியில் மட்டும் போகாதே. கார் வரிசையின் பின்விளக்குகளைத்தான் இரண்டு மணி நேரம் பார்ப்பாய். செவ்வாய், புதனில் போ.

நெய்தல்வாசி
போய் வந்துவிட்டோம்! இரண்டு இரவு. பஞ்சாயத்தில் நான் வென்றேன், அல்லது கணவர் விட்டுக்கொடுத்தார்.

முதல் நாள் கோட்டை. அப்பா சுவரைத் தட்டவில்லை, வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் மூக்கு உரசும் அளவுக்கு நெருங்கி நின்று அரைமணி நேரம் பார்த்தார். இந்தச் சுவர் ஒரு காலத்தில் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சோடும் சிவப்புக் காவல் கூண்டுகளோடும் இருந்தது என்று காவலர் சொன்னதும், “பூச்சு போனதால்தான் கல் அரிக்கிறது” என்று அவரிடமே பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார். நான் மொழிபெயர்த்தே களைத்தேன். மறுநாள் காலையில் அதே டிக்கெட்டில் அவர் மட்டும் தனியாக மீண்டும் போனார்.

முதலைப் பண்ணையில் அம்மா. கொக்குநோக்கி ஐயா, உங்களுக்குக் கோடி கும்பிடு. நடைபாதைக் கைப்பிடிக்கு மூன்று முழத்தில் ஒரு கொக்கு முட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தது. சிறகெல்லாம் சரிகை நூல் போல. அம்மா ஒன்றரை மணி நேரம் அசையவில்லை, முழங்கால் பேச்சே எழவில்லை. கரண்டிவாயன் நான்கைந்து பார்த்தோம்.

சின்னவள் 43 அங்குலம். கலங்கரை விளக்கத்தின் வாசலில் அழுகை. நானும் அவளும் கீழே இருந்தோம், மற்றவர்கள் ஏறினார்கள். ஊற்றுக்குப் போகவில்லை, மயிலை வேலிக்கு வெளியிலிருந்தே பார்த்துவிட்டாள்.

அனஸ்தேசியா மாநிலப் பூங்காவுக்கு வண்டி ஒன்றுக்கு 8 டாலர், எட்டுப் பேர் வரை அதே. அதற்குள்ளேயே பழைய கல் வெட்டிய குழிகள் இருக்கின்றன என்பதை யாரும் இங்கே சொல்லவில்லையே! கோட்டை பிறந்த பள்ளம். அப்பாவை அங்கிருந்து கிளப்பியது பெரும்பாடு. கடல் நீர் மார்ச்சில் குளிர்ச்சிதான், பிள்ளைகள் கணுக்காலோடு நின்றுகொண்டார்கள்.

ஒரு இரவு ஆவிச் சுற்றுலா ஒன்றுக்குப் பணம் கட்டினோம். அரைமணி நேரம் தாமதம், வழிகாட்டி பாதிக் கதையைக் கைப்பேசியைப் பார்த்துப் படித்தார். அதை மட்டும் தவிர்த்திருக்கலாம்.

கடைசி நாள் கிளம்பும்முன் அந்தப் படிக்கட்டைத் தேடிப் போனோம். ஹோட்டல் வாசலை ஒட்டி, நான்கே படி போல. பெரியவனிடம் நடந்ததைச் சொன்னேன். “குளத்தில் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்டான். தண்ணீர் நிறைய இருந்ததால் அமிலம் நீர்த்துப்போய்ப் பெரிதாகக் காயமில்லை, ஆனால் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது என்றேன். “அமிலம் ஊற்றினவரை?” என்றான். அவரைப் பிடித்ததாக நான் எங்கும் படிக்கவில்லை என்றேன். ஜார்ஜியா எல்லை வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தான்.

கணக்குப்பிள்ளை
மொத்தம் எவ்வளவு ஆயிற்று?

நெய்தல்வாசி
ஐயா, அதைக் கணவர் கேட்டபோதே நான் சொல்லவில்லை.

கொக்குநோக்கி
அம்மா எடுத்த படம் ஏதாவது இருந்தால் போடுங்கள். முட்டை எத்தனை, மூன்றா நான்கா?

நெய்தல்வாசி
மூன்று. நீலப்பச்சை நிறம். நான்காவது ஒன்று அடியில் இருக்கிறது என்று அம்மா இன்னும் சாதிக்கிறார்.

டாம்பா மாமி
டாட்டில் மிளகாய்ச் சாறு வாங்கினாயா? மினோர்கா வழியினர் தங்கள் சொத்தாகக் கொண்டாடும் மிளகாய், கொஞ்சம் தித்திப்பு, பின்னால் நெருப்பு. தயிர்சாதத்துக்கு ஒரு சொட்டு போதும்.

நெய்தல்வாசி
இரண்டு புட்டி வாங்கினேன் மாமி. ஒன்றை அம்மா ஊருக்கு எடுத்துப்போகப் பெட்டியில் வைத்துவிட்டார். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று அப்பா தினமும் திறந்து சோதிக்கிறார்.